ஆபத்தில் கை கொடுக்கும் கயிறு



கயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். கிணற்றடியில் கிடக்கும் தாம்புக்கயிறு, காளையின் மூக்கணாங்கயிறு, ஆண்டுக்கொரு முறை ஊரே கூடி இழுக்கும் தேர்வடம், துணி உலர்த்தும் கொடி என்று பிறந்த நாள் முதல் நாம் கண்டு பழகிய பொருள் அது. பழகிய பொருளை நாம் ஆராய்வதில்லை. கடைக்குச் சென்று, "பத்து மீட்டர் கயிறு கொடுங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர் எதை அளந்து தருகிறாரோ அதை வாங்கி வருகிறோம். வாளி தூக்க அது போதும். அறுந்தால் பாதாளக் கரண்டியை இறக்கி வாளியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே கயிற்றின் முனையில் வாளிக்குப் பதிலாக ஒரு மனிதன் இருப்பானாயின், அக்கயிறு எந்த நாரினால் ஆனது, எவ்வாறு திரிக்கப்பட்டது, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என்னும் வினாக்கள் உயிர் பற்றிய வினாக்களாகிவிடுகின்றன.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் ஆழத்தில் சிக்கித் தத்தளித்தனர். அங்கே இருந்த பெண்மணியர் மூவர் சற்றும் தயங்காமல் தம் சேலைகளைக் களைந்து நீரில் வீசினர். அவற்றைப் பற்றிக்கொண்டு இருவர் கரை சேர்ந்தனர். மற்றை இருவரைக் காப்பாற்ற இயலவில்லை. அம்மூவருக்கும் அவ்வாண்டு விடுதலை நாளன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். அதற்கு அப்பால் இருப்பவனை அது எட்டாது. அந்தக் கரையில், ஒரு மரக்கிளையில், இருபது மீட்டர் மிதவைக் கயிறு ஒன்று சுருட்டி மாட்டப்பட்டிருக்குமாயின் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மிதவைக் கயிறு என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

மலையேறுவோர் வரலாற்றில் கயிற்றைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் எல்லையில் 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கும் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியை 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் முதன்முதலாக எழுவர் அடைந்தனர். அவர்களுக்குத் தலைவராக விளங்கியவர் எட்வர்டு விம்ப்பர் என்னும் ஆங்கில இளைஞர், மரச்செதுக்கு ஓவியர். எழுவரும் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கினர். அனுபவம் குறைந்த ஒருவர் கால் இடறிச் சறுக்கினார். அவர் முன்னவரை மோதினார். அவ்விருவரின் பாரம் பின்னிருந்த இருவரையும் இழுத்தது. நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையில் கயிறு அறுந்தது. நால்வரும் பனியாற்றில் வீழ்ந்து மாண்டனர். மேலே இருந்த மூவர் பிழைத்தனர்.

விசாரணையில் தெரிந்தது யாது? அவர்களிடம் மூவகைக் கயிறுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பழையதும் மிக மெல்லியதுமான கயிறே அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது. வேறு வலிய கயிறு போதிய அளவு அவர்கள் வசம் இருந்தும் அங்கே பயன்படவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1864-இல், இலண்டன் ஆல்பைன் கழகத்தார் ஒரு குழு அமைத்துப் பலவகைக் கயிறுகளைச் சோதித்து, இன்னின்னவை தக்கவை என்று அறிவித்திருந்தனர். மணிலா நாரில் திரித்த அக்கழகக் கயிற்றை அடையாளம் காண்பதற்காக அதனுள் ஒரு சிவப்பு இழை சேர்க்கப்பட்டது. அறுந்துபோன கயிற்றின் துண்டு இன்றும் செர்மாட் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பருமன் ஏறத்தாழ நம் வீட்டுத் துணிக்கொடி அளவே என்பதைப் படத்திலேனும் பாருங்கள்.

இனி நார்களுக்கு வருவோம். பழங்காலம் தொட்டு மனிதன் செடிகொடிகளிலிருந்தே கயிறு திரித்தான். தென்னை நார், பருத்தி, சணப்பு, சணல், கற்றாழை, மணிலா என்பன நாம் அறிந்தவை. மணிலா நார் என்பது வாழையின் உறவான ஒரு மரத்தின் மட்டையிலிருந்து எடுப்பது. பிலிப்பைன்சு நாட்டில் விளைவது. அந்நாட்டுத் தலைநகரின் பெயரே அதற்கு வழங்குகிறது. நார்க்கயிறுகளுள் வலுவிற் சிறந்தது அதுவே. தேங்காய்நார்க் கயிறு நம் கடற்கரையின் செல்வம். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'காயர்' என்னும் சொல்லே நம் கயிறு என்னும் சொல்லோடு உறவுடையது. உப்புநீரில் எளிதில் அழுகாது, நீரில் மிதக்கும், இழுத்தால் நன்றாக நீளும். ஆனால் வலு குறைவு. ஒரே பருமனுள்ள மணிலாக் கயிற்றின் வலுவில் பாதி கூட அதற்கு இராது. பருத்திக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு: உலர்ந்திருக்கும்போது உள்ளதைவிட நனைந்திருக்கும்போது அதன் இழை வலு மிகும்.

நார்க்கயிறுகளின் பெருங்குறை அவை உள்ளிருந்து அழிவது. ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து உள்நார் இற்றுப்போகும். புறத்தோற்றம் மட்டும் மாறாது. நான் ஆசிரியனாக இருந்த ஒரு சிற்றூரில் பாசனக் கிணறு ஒன்றில் சிறுவன் ஒருவன் தவறி விழுந்துவிட்டான். கிணற்றின் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டைப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். எண்ணெய் இயந்திரத்தை இறக்குவதற்கென்று கொட்டகையில் கிடந்த வடத்தை இருவர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனர். கைப்பிடி அளவு பருமன். பார்த்தால் யானையைக் கட்டலாம் போல் இருந்தது. கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர் அதை வாங்கி, நடுவே ஓரிடத்தில் முறுக்கை எதிர்ப்புறமாகத் திருகிப் புரிகளைப் பிரித்தார். உள்ளேயிருந்து மரத்தூள் போலப் பொடி கொட்டியது. "வெளியே பவிசாத்தான் இருக்குது வாத்தியாரய்யா, உள்ளே செத்துப்போச்சு" என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார். சாலையில் நின்ற பாரவண்டியிலிருந்து புதுக்கயிறு வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் அச்சிறுவனின் தாய் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பையன் மேலே வந்த பிறகு அவ்வடத்தை நால்வர் பற்றி இழுத்துப் பார்த்தனர். இரண்டாம் இழுப்பில் அது அறுந்தது. முப்புரிக் கயிற்றை மதிப்பிட அம்முதியவர் செய்ததைவிடச் சிறந்த சோதனையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நல்ல நார் பளபளப்பாக இருக்கும். இற்ற நார் நிறம் மங்கி, புழுங்கல் வாடை வீசும். நகத்தால் கிள்ளினால் ஒடியும்.

சென்ற நூற்றாண்டில் இரசாயன நூல்கள் தோன்றிக் கயிற்றின் வரலாற்றையே மாற்றிவிட்டன. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தூபான் நிறுவனத்து ஆய்வாளர் வாலஸ் கரோதர்சும் அவர்தம் குழுவினரும் நைலானைக் கண்டனர். 1941-இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை பிறந்தது. 1954-இல் இத்தாலிய அறிஞர் நாட்டா பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார். இவை அழுகுவதில்லை, பூச்சி அரிப்பதில்லை. வலுவோ மிகுதி. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய முப்புரிக் கயிறுகளை எடுத்துக்கொண்டால், மணிலாக் கயிறு ஏறத்தாழ 1,000 கிலோ எடையில் அறும். பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 2,000 கிலோ தாங்கும். நைலான் ஏறத்தாழ 3,000 கிலோ தாங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கடைத்தெருவில் நைலான் கயிறு என்று கேட்டால் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சிடும் ஒரு கயிற்றை அளந்து தருவார்கள். அவற்றுட் பெரும்பாலானவை நைலான் அல்ல. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் கயிறுகளே. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. ஊர் முழுவதும் அதற்கு அந்தப் பெயரே வழங்குகிறது. வாங்குவோரும் அப்படியே கேட்கின்றனர். பெயரை விட்டுப் பொருளைச் சோதிக்க எளிய வழி உண்டு. விரல் நீளத் துண்டு ஒன்றை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேற விரலால் பிசைந்து விடுங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். காரணம் அடர்த்தி. நீரின் அடர்த்தியை ஒன்று என்று கொண்டால் பாலிபுரொப்பிலீனுடையது 0.91, பாலிஎத்திலீனுடையது 0.95 அளவு, நைலானுடையது 1.14, பாலியெஸ்டருடையது 1.38. உங்கள் பௌதிகப் பாடத்தில் மிதத்தல் விதியைப் படிக்கும்போது ஆர்க்கிமிடீசின் கிரீடத்தோடு இந்தக் குவளையையும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஒவ்வொன்றின் குணமும் வேறு. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 பாகை வெப்பத்தில் உருகும். பாலிஎத்திலீன் 130 பாகையிலேயே உருகிவிடும். உராய்வினால் உண்டாகும் சூடு அந்த அளவை எளிதில் எட்டும். ஆகவே ஆளை இறக்கும்போது கயிறு கம்பியின்மீதோ மரத்தின்மீதோ விரைந்து ஓடினால், ஓடும் இடத்தில் இளகி அறுந்துவிடக்கூடும். வெயிலிலும் இவ்விரண்டும் விரைவில் நலிவடையும். மொட்டை மாடியில் ஓராண்டு கிடந்த மஞ்சள் கயிற்றைக் கையால் தடவினால் பொடியாக உதிர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நைலான் 220 பாகைக்கு மேலேதான் உருகும். ஆயினும் நனைந்தால் தன் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ இழக்கும். பாலியெஸ்டர் நனைந்தாலும் வலு குறையாது; நீட்சியும் குறைவு. நைலானுக்கு அமிலம் பகை. மோட்டார் வண்டி மின்கலத்தின் அமிலத்துளி பட்டாலும், அதன் ஆவி பட்டாலும், கண்ணுக்குத் தெரியாமலே நைலான் கெட்டுப்போகும். வண்டியின் பெட்டியில் மின்கலத்திற்கு அருகே கயிற்றை வைக்கும் வழக்கத்தை ஓட்டுநர்கள் கைவிடல் வேண்டும்.

வலுவே எல்லாம் என்று எண்ணிவிடலாகாது. நீளும் தன்மையும் அதற்கு நிகரான சிறப்புடையது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறையில் ஏறுகிறார்; கால் வழுக்கி 2 மீட்டர் விழுகிறார். கயிறு அவரைத் தடுத்து நிறுத்துகிறது. கயிறு 20 செண்டிமீட்டர் மட்டுமே நீண்டு நிறுத்துமாயின், 2.2 மீட்டர் விழுந்ததன் ஆற்றல் முழுவதும் 0.2 மீட்டருக்குள் தீர வேண்டும். எனவே அவர்மீது செயற்படும் சராசரி விசை அவர் எடையைப் போல் 11 மடங்கு. அதாவது 660 கிலோ. கயிறு ஒரு மீட்டர் நீண்டு நிறுத்துமாயின் விசை 3 மடங்குதான், 180 கிலோ. உச்ச விசை இந்தச் சராசரியையும் விடக் கூடுதலாகவே இருக்கும். முன்னதில் கயிறு அறாவிட்டாலும் மனிதனின் விலாவும் முதுகும் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆதலின் மலையேறுவோர் நீளும் கயிற்றையே நாடுகின்றனர். அத்தகைய கயிற்றை உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த முறைப்படி சோதிக்கிறார்கள். 80 கிலோ எடையைக் கயிற்றில் கட்டி விழச் செய்வர். முதல் வீழ்ச்சியில் எடைமீது தாக்கும் விசை 12 கிலோ நியூட்டனை, அதாவது ஏறத்தாழ 1,200 கிலோவை, மிஞ்சலாகாது. ஐந்து வீழ்ச்சிகளையேனும் கயிறு அறாமல் தாங்க வேண்டும். இதற்கு நேர்மாறானது கிணற்று மீட்பு. அங்கே யாரும் கயிற்றின்மீது வந்து விழப்போவதில்லை. மெல்ல இறக்கி மெல்ல ஏற்ற வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு நீளும் கயிற்றை 30 மீட்டர் இறக்கினால், ஆள் தரையை விட்டு எழுவதற்கு முன்பே 3 மீட்டர் இழுத்தாக வேண்டும்; எழுந்த பிறகோ அவர் ஊஞ்சல் போல் மேலும் கீழும் ஆடிக் கிணற்றுச் சுவரில் மோதுவார். நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும் நீளும் கயிறாயின் அந்த 3 மீட்டர் 90 செண்டிமீட்டராகச் சுருங்கிவிடும். மீட்புப் படையினர் குறைநீட்சிக் கயிறுகளைக் கையாள்வது இதனாலேயே. மலைக்குரியதைக் கிணற்றுக்கும் கிணற்றுக்குரியதை மலைக்கும் மாற்றிவிட்டால், இரண்டும் விலை உயர்ந்த நல்ல கயிறுகளாக இருந்தும் பயன் கெடும்.

கயிற்றின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று புரிகளை முறுக்கித் திரிப்பது பழைய முறை. அதன் நன்மை, உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்பது; எளிதில் கண்ணி பின்னலாம் என்பது. தீமை, பாரம் ஏறியதும் முறுக்கு அவிழ முயன்று, தொங்குகிற ஆளைச் சுழற்றும் என்பது. 1953-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு எடல்ரிட் நிறுவனத்தார் புதிய அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தனர். நடுவே நெடுக ஓடும் இழைகளாலான கரு. அதைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய உறை. பாரத்தின் பெரும்பகுதியைக் கரு சுமக்கும். உராய்வையும் அழுக்கையும் வெயிலையும் உறை தாங்கும். ஆள் சுழலமாட்டார். இன்றைய மலைக்கயிறுகளும் மீட்புக் கயிறுகளும் பெரும்பாலும் இவ்வகையே. இதிலும் ஒரு குறை உண்டு. கருவைக் கண்ணால் காண இயலாது. கயிற்றை விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டு, எங்கேனும் திடீரென்று மென்மையாகவோ, விறைப்பாகவோ, மெலிந்தோ, புடைத்தோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே அறிய வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்யத்தக்க சோதனை இது.

எஃகைவிட வலிய இழைகள் என்று விளம்பரப்படுத்தப்படும் புதிய வகைகளும் இன்று கிடைக்கின்றன. அராமிட் இழை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் திரும்பத் திரும்ப மடித்தால் நலியும், வெயிலும் ஆகாது. உயர்வலுப் பாலிஎத்திலீன் இழை நீரில் மிதக்கும், வியக்கத்தக்க வலுவுடையது. ஆனால் வழுவழுப்பாகையால் முடிச்சு நில்லாமல் நழுவும், 150 பாகை அளவிலேயே உருகும், நீட்சி இன்மையால் அதிர்ச்சியைத் தாங்காது. பயிற்சி பெற்றவர் கையில் இவை நல்ல கருவிகள். நமக்கு வேண்டா.

இனி, 3,000 கிலோ தாங்கும் கயிற்றில் 3,000 கிலோ தொங்கவிடலாமா? கூடாது. அந்த எண் புதிய கயிற்றை, முடிச்சின்றி, நேராக, மெல்ல இழுத்துக் கண்ட எண். முடிச்சுப் போட்டவுடன் கயிற்றின் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். வளைவில் வெளிப்புற இழைகள் பாரம் முழுவதையும் சுமப்பதே காரணம். எட்டு வடிவ முடிச்சு இவ்வகையில் குறைந்த தீங்கு செய்வது. அவிழ்ந்து நழுவுவதும் அரிது. கயிறு பழையதாயின் இன்னும் குறையும். ஆகவே பொருள்களைத் தூக்க அறும் எடையில் ஐந்தில் ஒரு பங்கும், மனிதரைத் தூக்கப் பத்தில் ஒரு பங்கும், அதற்குக் குறைவாகவுமே கணக்கிடுவர். அமெரிக்கத் தீயணைப்போர் நெடுங்காலம் பதினைந்தில் ஒரு பங்கு என்று கொண்டிருந்தனர். அக்கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1980-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் ஒரு கட்டடம் தீப்பற்றியது. மேல் மாடியில் சிக்கிய தீயணைப்பு வீரர் ஒருவரை மீட்க மற்றொரு வீரர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கினார். இருவர் பாரமும் ஏறியதும் கயிறு அறுந்து இருவரும் மாண்டனர். அந்நாட்டில் உயிர்காப்புக் கயிறுகளுக்கென்றே தனித் தரவரையறை எழுதப்பட்டது அதற்குப் பின்னரே.

சுவரின் விளிம்பும் பாறையின் விளிம்பும் கயிற்றுக்குக் கத்தி. பாரம் ஏறி இறுகிய கயிறு விளிம்பில் பக்கவாட்டாக அசைந்தால் நொடியில் அறும். கோணிப்பையை மடித்தோ, பழைய டயர்த் துண்டையோ, தடித்த ஜமுக்காளத்தையோ விளிம்பில் வைத்து அதன்மேல் கயிற்றை ஓட்டுங்கள். கிணற்றில் உருளும் சகடை இருந்தால், அது மனிதனைத் தாங்குமளவு வலியதா என்று பார்க்காமல் நம்பலாகாது. வாளிக்கென்று நட்ட இரும்புச்சட்டம் அது. ஒரு கயிற்றின்மீது இன்னொரு கயிறு ஓடுமாறு ஒருபோதும் விடாதீர்கள். ஓடுகிற கயிறு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சூடேறாது; நிற்கிற கயிறு ஒரே இடத்தில் தேய்ந்து உருகிவிடும்.

கயிற்றை இறுகக் கட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளம் சூழ்ந்த தெருவில் இரண்டு கம்பங்களுக்கிடையே 20 மீட்டர் கயிறு கட்டி அதைப் பற்றிக்கொண்டு மக்கள் கடப்பதைப் பார்த்திருக்கிறோம். விறைப்பாகக் கட்டினால்தான் நல்லது என்று தோன்றும். நடுவில் 60 கிலோ பாரம் ஏறும்போது கயிறு அரை மீட்டர் மட்டுமே தாழுமாயின், கயிற்றில் ஏறும் இழுவிசை 600 கிலோ! இரண்டு மீட்டர் தாழுமாறு தளர்த்திக் கட்டினால் ஏறத்தாழ 150 கிலோதான். விசை முக்கோணம் படிக்கும் மாணவர் இதைத் தாமே வரைந்து சரிபார்க்கலாம்.

தண்ணீரில் மூழ்குகிறவரை மீட்கும் கயிற்றுக்கு முதற்குணம் மிதத்தல். மூழ்கும் கயிறு அவர் காலிலும் நீரடிக் கல்லிலும் சிக்கும். அவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே இங்கே நாம் முன்பு குறை சொன்ன பாலிபுரொப்பிலீனே அரசு. ஆளை அந்தரத்தில் தொங்கவிடப் போவதில்லையாதலால் அதன் குறைகள் இங்கே பெரிதல்ல. 8 முதல் 10 மில்லிமீட்டர் பருமன், 15 முதல் 20 மீட்டர் நீளம், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். ஒரு துணிப்பையின் அடியில் ஒரு முனையைக் கட்டி, மீதியைச் சுருட்டாமல் கொத்துக் கொத்தாகப் பைக்குள் திணித்து வைத்தால், எறியும்போது தானே சிக்கலின்றி அவிழ்ந்து செல்லும். மறுமுனையைக் கையில் பற்றிக்கொண்டு, பை அவருக்கு அப்பால் விழுமாறு தலைக்கு மேலாக எறிந்தால் கயிறு அவர்மீதே படியும். ஓடும் நீராயின் எதிர்த்து இழுக்க வேண்டா. உறுதியாக நின்று பிடித்துக்கொண்டால் நீரோட்டமே அவரை வளைவாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் இடுப்பில் முடிந்துகொள்வதும் கூடா. அவ்வாறு செய்தவர்களை வெள்ளம் கயிற்றோடு இழுத்துச் சென்றிருக்கிறது. நீந்தத் தெரிந்தவராயினும் முதலில் எறியுங்கள், இறங்காதீர்கள்.

கிணற்றுக்கும் பாறைச்சரிவுக்கும் 11 மில்லிமீட்டர் அளவில், கருவும் உறையுமாக அமைந்த குறைநீட்சி நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு ஏற்றது. அதனினும் மெல்லியது கையில் பிடிபடாது, உள்ளங்கையை அறுக்கும். அது கிடைக்காவிடில் 12 மில்லிமீட்டருக்குக் குறையாத முப்புரி நைலான். அதுவும் இல்லையேல் புதிய மணிலா. கிணற்றைவிட நீளம் கூடுதலாகப் பத்து மீட்டராவது இருக்க வேண்டும். மேலே மரத்திலோ கம்பத்திலோ கட்டுவதற்கும் முடிச்சுகளுக்கும் அது செலவாகும். பாழடைந்த கிணற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். நெடுநாள் பயன்படாத கிணற்றின் அடியில் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும், அவரைக் காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். எவ்வளவு நல்ல கயிறும் மூச்சுத் தராது. அங்கே 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்பு மீட்புத் துறையை அழைத்துவிட்டு, கயிற்றை மேலிருந்து இறக்கிப் பற்றச் சொல்வதோடு நின்றுகொள்ள வேண்டும்.

பள்ளியிலோ, சாரணர் அணியிலோ, நாட்டு நலப்பணித் திட்டத்திலோ ஒரு கயிறு வாங்குவீர்களாயின் அதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். வாங்கிய நாள், நீளம், பொருள், பயன்படுத்திய நாள்கள், அதிர்ச்சி ஏதும் பட்டதா என்பவற்றைக் குறியுங்கள். அக்கயிற்றில் துணி உலர்த்துவதும், கயிறிழுக்கும் போட்டி நடத்துவதும், வண்டி இழுப்பதும் ஆகா. காலால் மிதிக்கவும் கூடாது. செருப்பில் ஒட்டிய மணல் உட்புகுந்து இழைகளை அரம் போல் அராவும். அழுக்கானால் சாதாரணத் தண்ணீரில் சிறிது மென்சோப்புக் கலந்து கழுவி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். பயன்படுத்தாமலே இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது செய்வோர் பலரும் விதிக்கும் வரம்பு. உறை கிழிந்து கரு தெரிந்தாலும், அமிலம் பட்டதென்று ஐயம் எழுந்தாலும், கடும் வீழ்ச்சி ஒன்றைத் தாங்கியிருந்தாலும் அந்த நாளே அதற்குக் கடைசி நாள். தள்ளிய கயிற்றை முழு நீளமாக அறையின் மூலையில் போட்டுவைத்தால், அவசரத்தில் ஓடி வருபவர் அதையே எடுத்துச் செல்வார். ஆகவே இரண்டு இரண்டு மீட்டராக அதை வெட்டிவிடுங்கள். செடிகளுக்குக் கொழுகொம்பு கட்டவும், முடிச்சுப் போட்டுப் பழகவும் அத்துண்டுகள் உதவும்.